குப்பனூர் வழியாக எவ்வளவு நேரம்?

ஏற்காட்டுக்குக் கிளம்புகிறவர்களிடமிருந்து எனக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலும் ஒரே கேள்விதான் இருக்கும். சேலத்திலிருந்து நேர்ச்சாலையில் போவதா, குப்பனூர் வழியாகப் போவதா, எது கிட்டம்? ஒரு வரியில் பதில் எழுதிவிடலாம். நேர்ச்சாலை ஏறக்குறைய 30 கிலோமீட்டர், குப்பனூர் வழி ஏறக்குறைய 45 கிலோமீட்டர். பதில் சரியானதுதான். ஆனால் அதை மட்டும் நம்பிக் கிளம்புகிற குடும்பத்துக்கு அது பாதி உதவிகூடச் செய்யாது. தேநீர் ஆறுவதற்குள் முடிகிற விஷயம் இல்லை இது. நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் இரண்டு சாலைகளையும் மனத்தில் வரைந்துகொள்வோம். கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த சேர்வராயன் மலை, சேலம் நகருக்கு வடக்கே எழுந்து நிற்கிறது. நகரத்திலிருந்து அஸ்தம்பட்டி, கோரிமேடு வழியாக அடிவாரம் போய், அங்கிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறுவது நேர்ச்சாலை. வளைவு ஒவ்வொன்றுக்கும் எண் போட்டிருப்பார்கள். பிள்ளைகள் ஜன்னலோரம் உட்கார்ந்து எண்ணிக்கொண்டே வருவார்கள். இன்னொரு சாலை மலையின் கிழக்குப் பக்கத்தில் இருக்கிறது. அயோத்தியாப்பட்டணம் பக்கமாகக் குப்பனூரை அடைந்து, கொட்டச்சேடு வழியாக மேலே போகிறது. ஆத்தூர், வாழப்பாடிப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் சேலம் நகர நெரிசலுக்குள் நுழையாமலே இந்த வழியில் மலையேறிவிடலாம்.

குப்பனூர்ச் சாலையைச் சுற்றுலாப் பயணிகளின் மாற்றுவழி என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. மலைக் கிராமத்து மக்கள் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கும் இறங்குகிற சாலை அது. காப்பி மூட்டையும் மிளகு மூட்டையும் பலா லோடும் அதில் இறங்குகின்றன. நமக்கு அது ஒரு நாள் வேடிக்கை, அவர்களுக்கு அன்றாடப் பாதை. அந்த எண்ணத்தோடு போகிறவர் வளைவில் வண்டியை நிறுத்திப் படம் எடுக்க மாட்டார்.

இனி, எல்லோரிடமும் இருக்கும் அந்த ஒரு தவறான எண்ணத்துக்கு வருவோம். மலையின் தூரத்தைக் கிலோமீட்டரில் அளந்துவிடலாம் என்று நாம் நம்புகிறோம். சமவெளியில் பழகிய கணக்கு அது. நாற்கரச் சாலையில் 30 கிலோமீட்டர் என்றால் அரை மணி நேரம். அதே 30 மலைக்கும் பொருந்தும் என்று மனம் தானாகவே எடுத்துக்கொள்கிறது. அதனால் தாமதமாகக் கிளம்புகிறோம், ஒரே நாளில் எட்டு இடங்களைப் பட்டியல் போடுகிறோம், இருட்டும் நேரத்தில் அவசரமாக இறங்குகிறோம். இந்த மூன்றும் ஒரே வேரிலிருந்து முளைப்பவை. ஆகவே வேரைப் பார்ப்போம்.

சேலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். அதாவது நம் வண்டி கிட்டத்தட்ட 1,200 மீட்டர் மேலே ஏற வேண்டும். வண்டியின் எஞ்சினுக்கு வேலை வைப்பது இந்த உயரம்தான். அந்த உயரத்தை எத்தனை செங்குத்தாக ஏறுகிறோம் என்பதே மிச்சமெல்லாவற்றையும் முடிவு செய்கிறது.

லாரியில் மூட்டை ஏற்றுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். குட்டைப் பலகையைச் சாய்த்தால் நாலு எட்டில் மேலே போய்விடலாம், ஆனால் முதுகில் மூட்டையோடு அந்தச் செங்குத்தில் கால் வைக்க முடியாது. நீளப் பலகையைச் சாய்த்தால் எட்டு கூடும், ஆனால் ஏற்றம் தணியும். மலைச்சாலை போடுகிற பொறியாளர் செய்வதும் இதுதான். லாரியும் பேருந்தும் திணறாமல் ஏற, நூறு மீட்டர் போனால் ஐந்தாறு மீட்டர் உயர்வது என்பது பொதுவாகப் பின்பற்றும் அளவு. இதைச் சரிவு விகிதம் என்பார்கள். 1,200 மீட்டர் உயரத்தை நூற்றுக்கு ஆறு என்ற விகிதத்தில் ஏற எவ்வளவு நீளப் பலகை வேண்டும்? கணக்குப் போட்டால் 20 கிலோமீட்டர் வருகிறது.

அடிவாரத்திலிருந்து அண்ணாந்து பார்த்தால் மலைமுகடு பக்கத்தில் இருப்பதுபோல்தான் தெரியும். அந்த 20 கிலோமீட்டர் பலகையை நேராக நீட்டி வைக்க அங்கே இடம் கிடையாது. அதனால் ஒரே சரிவின்மேல் அதை மடித்து மடித்து வைக்கிறார்கள். மடிப்பு விழுகிற ஒவ்வோர் இடமும் ஒரு கொண்டை ஊசி வளைவு. மலைச்சாலையின் நீளம் வீண் சுற்று அல்ல என்பது இப்போது விளங்கும். அந்த நீளம் இல்லாவிட்டால் பேருந்து மேலே போயிருக்கவே முடியாது. குப்பனூர் வழி நீளமாக இருப்பதை மட்டும் வைத்து அதை மட்டமான வழி என்று ஒதுக்கிவிடவும் முடியாது.

அடுத்த படி, நேரம். வளைவுக்கு வளைவு வண்டி கிட்டத்தட்ட நின்று திரும்புகிறது. முதல் கியரில் ஏறி, இரண்டுக்கு மாற்றி, கொஞ்சம் வேகம் எடுப்பதற்குள் அடுத்த வளைவு வந்துவிடுகிறது. எதிரே பேருந்து வந்தால் ஒதுங்கி நிற்க வேண்டும். முன்னால் கட்டுமானப் பொருள் ஏற்றிய லாரி போனால் அதன் பின்னாலேயே போக வேண்டும், முந்துவதற்கு இடம் இருக்காது. மலையில் மணிக்கு 20, 25 கிலோமீட்டர் என்பதே நல்ல ஓட்டம். இந்தக் கணக்கில் நேர்ச்சாலைக்குச் சேலத்திலிருந்து ஒன்றேகால் மணி நேரம் ஒதுக்குங்கள். குப்பனூர் வழிக்குச் சேலத்திலிருந்து ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். சாலை காலியாக இருந்து முன்னதாகவே போய்ச் சேர்ந்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

கைபேசி வரைபடம் நேரத்தையே சொல்லிவிடுகிறதே என்று கேட்பீர்கள். அது சொல்வது அந்தச் சாலையில் ஓடும் வண்டிகளின் வேகத்தை வைத்துப் போட்ட உத்தேசம். பாட்டிக்குத் தலைசுற்றி வண்டியை ஓரங்கட்டிய பத்து நிமிடம் அதில் இல்லை. மேகம் சாலைக்கு இறங்கி, விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்த கால் மணி நேரமும் இல்லை. மலை அறியாத ஓட்டுநர் முதல் ஐந்து வளைவுகளில் பழகிக்கொள்ளும் நேரமும் இல்லை. அவற்றை நாம்தான் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

தலைசுற்றல் என்றதும் நினைவுக்கு வருகிறது, மலையேறும்போது வாந்தி ஏன் வருகிறது என்று பலர் கேட்கிறார்கள். நம் உட்காதில் திரவம் நிறைந்த நுண்ணிய குழல்கள் இருக்கின்றன. உடம்பு எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை மூளைக்குச் சொல்வது அவற்றின் வேலை. வளைவில் வண்டி திரும்பும்போது காது, திரும்புகிறோம் என்கிறது. கண்ணோ கைபேசித் திரையில் பதிந்திருக்கிறது, எதுவும் அசையவில்லை என்கிறது. இரண்டு செய்திகளும் முரண்படும்போது மூளை குழம்பி, வயிறு புரட்டுகிறது. ஆகவே மருந்தைத் தேடும் முன் கைபேசியை உள்ளே வைக்கச் சொல்லுங்கள். சிரமப்படுகிறவரை முன் இருக்கையில் உட்கார வைத்து, தொலைவில் சாலை போகும் திசையைப் பார்க்கச் சொல்லுங்கள். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டும் ஏற வேண்டாம், வெறும் வயிற்றோடும் ஏற வேண்டாம். இரண்டு இட்லி போதும்.

ஏறுவதைப் பற்றி இவ்வளவு யோசிக்கிற நாம், இறங்குவதை யோசிப்பதே இல்லை. இதுவும் கிலோமீட்டர்க் கணக்கு செய்யும் வேலைதான். அதே 20 கிலோமீட்டர், இறக்கம் என்பதால் சீக்கிரம் போய்விடலாம் என்று தோன்றுகிறது. ஆனால் ஏறும்போது எஞ்சின் உழைத்துச் சேர்த்த 1,200 மீட்டர் உயரம் இறங்கும்போது முழுக்க வேகமாக மாறப் பார்க்கும். அதைத் தடுப்பது பிரேக். பிரேக் அந்த வேகத்தை வெப்பமாக மாற்றுகிறது. காலை எடுக்காமல் மிதித்துக்கொண்டே இறங்கினால் சூடு ஏறிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் பிரேக் எண்ணெய் கொதித்து ஆவிக்குமிழ்கள் உண்டாகும். அழுத்தத்தைக் கடத்த வேண்டிய இடத்தில் காற்றுபோல் நசுங்கும் ஆவி இருந்தால், மிதி தரைவரை போகும், வண்டி நிற்காது.

இதற்கு மாற்று எளிது. எந்தக் கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்குவது. அப்போது எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும், பிரேக்குக்கு அவ்வப்போது மட்டுமே வேலை. எரிபொருள் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டிவிடுவது ஒருபோதும் கூடாது. ஒரே நேரத்தில் இரண்டு வண்டி போக முடியாத இடத்தில் ஏறும் வண்டிக்கே முதல் உரிமை, இறங்கும் வண்டி நின்று வழிவிட வேண்டும் என்பது சட்டமும்கூட. 2024 ஏப்ரல் 30 அன்று ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கிய பேருந்து ஒன்று பள்ளத்தில் உருண்டு, பயணிகள் பலர் இறந்தார்கள். நாம் மலையைவிட்டு இறங்குகிற ஒவ்வொரு முறையும் அவர்களை நினைத்துக்கொண்டு நிதானமாக இறங்குவோம்.

இனிப் பருவம். மலைக்கு ஒரே தூரம் ஆண்டு முழுவதும் கிடையாது. மே மாதத்தில் தோட்டக்கலைத் துறையின் மலர்க்காட்சியோடு கோடை விழா நடக்கும்போது கூட்டம் மலையை நிறைத்துவிடும். அந்த நாள்களில் நேர்ச்சாலையில் ஏறி, குப்பனூர் வழியாக இறங்கும்படி ஒருவழிப் போக்குவரத்து ஏற்பாடு செய்வதுண்டு. அப்போது எது கிட்டம் என்ற கேள்விக்கே இடமில்லை, இரண்டு சாலையும் நம் பயணத்தில் வந்துவிடுகின்றன. கிளம்பும் முன் அன்றைய செய்தித்தாளைப் பார்ப்பது நல்லது.

வடகிழக்குப் பருவமழையில் கதை வேறு. சாலை போடுவதற்காக மலைச்சரிவின் அடிப்பகுதியை வெட்டியிருக்கிறோம், அதனால் மேலே உள்ள மண்ணுக்குத் தாங்கல் குறைந்திருக்கிறது. நாள்கணக்கில் மழை பெய்தால் மண்ணுக்குள் நீர் நிறைந்து கனம் கூடுகிறது, மண்துகள்களுக்கு இடையே இருந்த பிடிப்பும் தளர்கிறது. பிறகு பாறையும் மரமுமாகச் சாலையில் வந்து விழுகிறது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையின்போது நேர்ச்சாலையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. இப்படி நேர்ச்சாலை அடைபடும்போதெல்லாம் மாற்றுவழி என்று எல்லோரும் கைகாட்டுவது குப்பனூரைத்தான். ஆனால் அதே மழைதான் அந்தச் சரிவிலும் பெய்கிறது. கனமழை எச்சரிக்கை இருக்கும் நாளில் இரண்டு வழிகளில் எது என்று கேட்பதைவிட, நாளை மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்பதே மேல்.

இவ்வளவையும் கையில் வைத்துக்கொண்டு இப்போது திட்டம் போடுவோம். காலையிலிருந்து முன்னோக்கிப் போடாமல், மாலையிலிருந்து பின்னோக்கிப் போட வேண்டும். இருட்டுவதற்குள் அடிவாரம் இறங்கிவிட வேண்டும் என்று முதல் கோட்டைப் போடுங்கள். டிசம்பரில் ஆறு மணிக்கே இருட்டிவிடும், ஆகவே நாலு மணிக்கு மேலேயிருந்து கிளம்ப வேண்டும். காலை எட்டு மணிக்குக் குப்பனூரைத் தாண்டினால் ஒன்பதரைக்குள் மேலே இருப்போம். மதியச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் போக, மலையில் நம் கையில் இருப்பது ஐந்தரை மணி நேரம்.

ஐந்தரை மணி நேரத்துக்கு எட்டு இடம் தாங்காது, மூன்று தாங்கும். உங்களோடு வருகிறவர்களைப் பார்த்து அந்த மூன்றைத் தேர்ந்தெடுங்கள். முழங்கால் வலி உள்ளவர் இருந்தால் கிளியூர் அருவி வேண்டாம், படிகளில் நிறைய இறங்கி ஏற வேண்டியிருக்கும். கோடையில் போனால் அங்கே நீரும் சொற்பமாகவே இருக்கும், மழைக்குப் பிந்தைய மாதங்களே அதற்கு உகந்தவை. ஏரியும் அண்ணா பூங்காவும் எல்லா வயதினருக்கும் பொருந்தும். செடிகொடிகளில் ஆர்வமுள்ள பிள்ளை இருந்தால் இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையின் ஆர்க்கிட் தோட்டத்தில் ஒரு மணி நேரம் கொடுங்கள். பூச்சியைப் பிடிக்கும் குடுவைச் செடியை அங்கே பார்க்கலாம். வெட்டவெளியும் காற்றும் வேண்டுமென்றால் 1,600 மீட்டருக்கு மேல் இருக்கும் சேர்வராயன் கோயில் மேட்டுக்குப் போங்கள். குகைக்குள் இருக்கும் அந்தச் சாமி மலைவாழ் மக்களின் குலதெய்வம், செருப்பைக் கழற்றிவிட்டுப் போகிற மரியாதை வேண்டும்.

இடமே பார்க்க வேண்டாம், மலையைப் பார்த்தால் போதும் என்பவர்களும் உண்டு. அவர்களுக்கு ஏற்காட்டைச் சுற்றி வரும் 32 கிலோமீட்டர் வட்டச்சாலையைச் சொல்வேன். சில்வர் ஓக் நிழலில் காப்பித் தோட்டங்கள் வரிசையாக வரும். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலையில் காப்பிப் பயிரைக் கொண்டுவந்தார் என்பது வரலாறு. மார்ச், ஏப்ரலில் முதல் மழை விழுந்த சில நாள்களில் காப்பி பூக்கும். நவம்பருக்குப் பிறகு பழம் பறிக்கும் காலம். எந்த மாதம் போகிறீர்கள் என்பதைப் பொறுத்து அதே சாலை வெள்ளையாகவோ சிவப்பாகவோ இருக்கும். தோட்டங்கள் தனியார் நிலம், வேலிக்கு வெளியே நின்று பார்ப்பதே முறை.

துணியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஆறு டிகிரி போலக் குறையும். சேலத்தில் 30 டிகிரி என்றால் மேலே 23-க்குப் பக்கத்தில் இருக்கும், காற்றும் தூறலும் சேர்ந்தால் இன்னும் குளிரும். அடிவாரத்தில் வேர்க்கிறதே என்று குழந்தையின் ஸ்வெட்டரை எடுத்து வைக்காமல் போய்விடுகிறோம்.

இப்போது பயணக் கட்டுரை எழுதுகிறவர்களின் வேலை என்ன என்று கேட்டுப் பார்ப்போம். தமிழில் இதற்கு நல்ல முன்னோர் இருக்கிறார்கள். 1940-இல் வெளிவந்த ‘உலகம் சுற்றும் தமிழன்’ நூலை எழுதிய ஏ. கே. செட்டியார், தாம் சுற்றியதை எழுதியதோடு நிற்கவில்லை. பழைய பத்திரிகைகளிலும் நூல்களிலும் கிடந்த பிறருடைய பயணக் கட்டுரைகளையும் தேடித் திரட்டித் தொகுத்தார். சோமலெ மாவட்டம் மாவட்டமாகத் தமிழ்நாட்டைச் சுற்றித் தகவல் திரட்டி நூல்கள் எழுதினார். இவர்கள் உழைப்பைப் பார்க்கும்போது எனக்குப் புலப்படுவது ஒன்று. பயணம் ஒருவருடைய அனுபவமாக முடிந்துவிடுவதில்லை, அடுத்துக் கிளம்புகிறவருக்கு அது தேவைப்படுகிறது.

அதனால்தான், எது கிட்டம் என்று கேட்டு வரும் கடிதங்களுக்குப் பதில் எழுதும்போது நானும் திருப்பிக் கேட்கிறேன். யார் யார் வருகிறார்கள்? எந்த மாதம்? வண்டி எது, ஓட்டுகிறவருக்கு மலை பழக்கமா? இரவு தங்கப் போகிறீர்களா, அன்றே திரும்புகிறீர்களா? இந்த நாலு பதிலும் வந்தால் சாலையைச் சொல்வது சுலபம். வாழப்பாடியிலிருந்து, மலை பழகிய ஓட்டுநரோடு, வறண்ட பிப்ரவரியில் வருகிறவருக்குக் குப்பனூர். சேலம் ரயில் நிலையத்தில் இறங்கி, அரசுப் பேருந்தில் போக நினைக்கும் வயதான தம்பதிக்கு நேர்ச்சாலை. தினமும் அதே வளைவுகளில் திரும்பும் பேருந்து ஓட்டுநரைவிட நல்ல துணை அவர்களுக்குக் கிடையாது. புதிதாக ஓட்டக் கற்றவர் மழைக்காலத்தில் குழந்தைகளோடு கிளம்புவதாக எழுதினால், வாடகை வண்டியில் உள்ளூர் ஓட்டுநரோடு போகச் சொல்வேன், அல்லது ஜனவரிவரை பொறுக்கச் சொல்வேன்.

வாசகரோடு நெருங்குவது என்று நான் நினைப்பது இதைத்தான். அழகான வர்ணனை எல்லோருக்கும் ஒன்றாக இருந்துவிடலாம். வழி சொல்வது மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். கேட்பவர் யார் என்று தெரியாமல் வழி சொல்கிறவர் தம் பயணத்தைத்தான் சொல்கிறார், கேட்டவருடைய பயணத்தை அல்ல.

உங்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். குப்பனூர் வழியாகப் போய்வந்தால் ஒரு அஞ்சலட்டை எழுதுங்கள். எந்த மாதம், எத்தனை மணிக்குக் குப்பனூரைத் தாண்டினீர்கள், எத்தனை மணிக்கு ஏற்காடு ஏரியைப் பார்த்தீர்கள், இறங்க எவ்வளவு நேரம் ஆனது, கூட வந்தவர்களில் மூத்தவருக்கும் இளையவருக்கும் என்ன வயது. கிலோமீட்டர் எழுத வேண்டாம், அது கல்லில் எழுதியிருக்கிறது. நீங்கள் எழுதும் நேரம் வேறெங்கும் எழுதப்பட்டிருக்காது. உங்கள் வீட்டைப் போலவே ஒரு பாட்டியும் ஒரு குழந்தையும் உள்ள அடுத்த வீட்டுக்கு நான் அதை எடுத்துச் சொல்வேன்.